கிராஃபிக் டிசைன் எங்கிருந்து வந்தது? தேக்காவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், சாப்பாட்டுக் கடை மெனு, எப்போதாவது பெரிய நிறுவனங்களின் நான்கு மொழிப் போஸ்டரில் தமிழ்ப் பகுதி என்று செய்து பிழைப்பவன் நான். பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கும் தம்பி தங்கைகள் அசைன்மெண்ட் நேரத்தில் வந்து வரலாறு கேட்பார்கள், கடைக்காரர்கள் விலை கேட்பார்கள், ஆன்ட்டிகள் "இதுக்கெல்லாம் படிக்கணுமா?" என்பார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் நூறு முறை தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராஃபிக் டிசைன் என்றால் அழகாகப் படம் வரைவதுதானே?

இல்லை. எனக்கு ஒரு மனித முகம்கூட ஒழுங்காக வரைய வராது. என் வேலை, பார்ப்பவர் கண்ணில் எது முதலில் படவேண்டும், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று முடிவு செய்வது. கோயில் நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பக்தருக்கு வேண்டியது தேதி, நேரம், அன்னதானம் உண்டா இல்லையா. நிர்வாகக் குழுவுக்கு வேண்டியது குழுவினர் அத்தனை பேரின் பெயரும் பட்டத்தோடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏ4 தாளில் சமாதானம் செய்துவைப்பதற்குப் பெயர்தான் டிசைன். படம் அதில் ஒரு பகுதி, சில நேரம் அதுவும் கிடையாது.

இந்தப் பெயர் எப்போது வந்தது?

1922-இல் வில்லியம் அடிசன் டிவிகின்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் தன் தொழிலைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எழுத்துரு வடிவமைப்பு, புத்தக வடிவமைப்பு, விளம்பரம் என்று எல்லாம் செய்தவர் அவர். அதற்கு முன்பும் சொல் அங்கங்கே புழங்கியதுதான், ஆனால் பேர் அவருக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் வயதான அங்கிள்கள் இன்றும் "கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்" என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, காசுக்குச் செய்யும் வேலை என்பதை ஒளிக்காத பெயர்.

பெயர் புதிது, வேலை பழையது. தேதி போட்டு அச்சிடப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு நூல் சீனாவில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட வஜ்ரச் சூத்திரம், ஆண்டு 868. அதன் முகப்பில் புத்தர் உட்கார்ந்து பேசும் படம் இருக்கிறது, பிறகு எழுத்து வரிசை. படமும் எழுத்தும் ஒரே தாளில் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்வது என்று பார்த்தால் அது நோட்டீஸ்தான். குட்டன்பர்க் ஈய எழுத்துகளைக் கோத்துப் பைபிளை அச்சிட்டது அதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, 1455 வாக்கில்.

தமிழுக்கு இதில் இடம் இருக்கிறதா, அல்லது எல்லாம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியா?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓலையை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறும்போது நேர்கோடு ஓலையின் நாரோடு போய்க் கிழிக்கும், புள்ளி குத்தினால் ஓட்டை விழும். அதனால் வளைவுகள் சேர்ந்தன, புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்து க-வா க்-ஆ என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். நம் எழுத்து உருண்டையாக இருப்பதில் பொருளுக்கும் கருவிக்கும் பெரிய பங்கு உண்டு. கையில் என்ன கருவி இருக்கிறதோ அதன் குணம் எழுத்தின் முகத்தில் தெரியும்: இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்ச வரலாறு முழுவதும் தானாக விளங்கிவிடும்.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்திலேயே அச்சானது. போர்த்துக்கீசிய மூலத்திலிருந்து தமிழாக்கியவர் என்ரீக்கே என்ரீக்கசு என்ற பாதிரியார். இந்திய எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுதான், அதன் பிரதி ஒன்று இப்போது ஹார்வர்டில் இருக்கிறது. அதற்கும் முன்பு, 1554-இல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். நாம் இன்று வாட்ஸ்அப்பில் "eppadi" என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அந்த வழக்கத்துக்கு வயது 470-க்கு மேல்.

அப்புறம் தரங்கம்பாடி. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கே அச்சுக்கூடம் தொடங்கியபோது தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. காகிதமோ அரிது, விலையும் அதிகம். அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் எங்கே போவது? ஆகவே பக்கத்திலேயே பொறையாரில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. காகித ஆலையும் பொறையாரிலேயே அமைத்தார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் வந்துவிட்டது. "எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி ஒரே பக்கத்தில் அடக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் சீகன்பால்குவின் வாரிசுதான்.

ஏ-வுக்கும் எ-வுக்கும், ஓ-வுக்கும் ஒ-வுக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர். இரட்டைக்கொம்பு அப்படித்தான் வந்தது. இதையும் நான் டிசைன் என்றே சொல்வேன், ஒரு கோட்டைச் சுழித்ததால் படிப்பவரின் குழப்பம் போயிற்று.

எழுத்துச் சீர்திருத்தம் என்கிறார்களே, அதற்கும் டிசைனுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். என் பாட்டி எழுதிய கடிதங்களில் லை, னை, ணை எல்லாம் தலைக்குமேல் யானைத் துதிக்கை தூக்கியது போல இருக்கும், னா, ணா, றா-வுக்குத் துணைக்கால் தனியாக இருக்காது, எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். அச்சகத்தில் இந்த வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்க வேண்டும், பெட்டியில் தனி அறை வேண்டும், அச்சுக்கோப்பவர் கை அங்கே போய்த் திரும்ப வேண்டும். பெரியார் 1935-லேயே தம் ஏட்டில் இவற்றை மற்ற எழுத்துகளைப் போல ஒரே சீராக மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழக அரசு 1978-இல், எம்.ஜி.ஆர். காலத்தில், அதை ஆணையாக்கியது. பிறகு சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்டது.

பழைய லை அழகாக இருந்தது என்று எனக்கும் தோன்றும். கல்யாணப் பத்திரிகையில் யாராவது கேட்டால் ஆசையாக வரைந்து கொடுப்பேன். ஆனால் தினமும் ஈய எழுத்துக் கோத்தவரிடம் போய் அழகு பேச எனக்கு வாய் வராது.

சிங்கப்பூரில் தமிழ் அச்சு எவ்வளவு பழையது?

'சிங்கை நேசன்' வார இதழ் 1887-இல் வரத் தொடங்கியது, ஆசிரியர் மகுதூம் சாயபு. தமிழ் முரசு 1935-இல், கோ. சாரங்கபாணியால். இதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள். தேசிய நூலகத்தில் சிங்கை நேசனின் பக்கங்களைப் பார்க்கக் கிடைக்கும், ஒருமுறை பாருங்கள்: பத்தி பிரித்த விதம், தலைப்புக்குக் கீழே போட்ட கோடு, எல்லாம் அன்றைய ஆங்கிலப் பத்திரிகையின் சட்டைதான், உள்ளே இருக்கும் உடம்பு மட்டும் தமிழ்.

சிவகாசி காலண்டரை டிசைன் வரலாற்றில் சேர்க்கலாமா? லெக்சரர் சிரிக்கமாட்டாரா?

சிரித்தால் இதைச் சொல்லுங்கள். 1796 வாக்கில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல் அச்சைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் சூத்திரம்: சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, மேலே மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். இதனால் என்ன ஆயிற்று என்றால், ஓவியர் வரைந்த கோடு அப்படியே தாளுக்கு வந்தது, எழுத்தும் பெட்டிக்குள் அடங்கிய ஈயத்துண்டாக இல்லாமல் எந்த அளவிலும் எந்த வளைவிலும் எழுத முடிந்தது. நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்தால் வண்ணப்படம். பாரிஸில் ஜூல் ஷெரே இப்படித்தான் தெருவெல்லாம் வண்ணப் போஸ்டர் ஒட்டினார், ஓவியர் துலூஸ்-லோத்ரெக் மூலான் ரூஜ் என்ற கேளிக்கை அரங்குக்குச் செய்த போஸ்டர் 1891-இல் வந்தது. லெக்சரர் இதுவரை தலையாட்டுவார்.

அதே கல், அதே மை நம் பக்கமும் வந்தது. 1894-இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கியது. லட்சுமியும் சரஸ்வதியும் கோயில் கருவறையை விட்டு வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். அப்புறம் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு, நாடகத் திரைச்சீலை வரைந்த கை, அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி ஆஃப்செட் இயந்திரங்களில் ஏறி, கீழே கடை விளம்பரத்தோடு, கப்பலேறி சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாம் போனார்கள். சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே இன்றும் ஒன்று தொங்கும், நாள் கிழிக்கும் காலண்டர், ராகு காலம் எமகண்டத்தோடு. அந்தச் சின்னத் தாளை நிதானமாகப் பாருங்கள்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், பொன்மொழி, இத்தனையும் உள்ளங்கை அளவில், கண்ணாடி போட்ட அத்தை தூரத்திலிருந்து தேதியைப் படிக்கும்படி. சுவிட்சர்லாந்தில் யாராவது செய்திருந்தால் மியூசியத்தில் வைத்திருப்பார்கள்.

பௌஹவுஸ், சுவிஸ் பாணி, ஹெல்வெட்டிகா... இதெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

தேர்வுக்கு வரும் என்பதால். அதைத் தாண்டியும் காரணம் உண்டு.

பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளி 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கி, டெசாவுக்குப் போய், பெர்லினில் 1933-இல் நாஜி ஆட்சியின் நெருக்கடியில் மூடப்பட்டது. பதினான்கே ஆண்டு. ஆனால் அதன் ஆட்கள் அமெரிக்காவுக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறியதால் கருத்தும் சிதறியது: அலங்காரத்தைக் குறை, வேலைக்குத் தேவையானதை வை. 1928-இல் யான் சிகோல்ட் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் புதிய அச்சுக்கலை பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, வரிகளை நடுவில் வைப்பது பழசு, ஓரமாகச் சேர்த்து வை என்று சட்டம் போட்டார். பிற்காலத்தில் அவரே அந்தக் கண்டிப்பைக் கைவிட்டு, பெங்குவின் புத்தகங்களுக்கு அமைதியான பழைய முறையில் ஒழுங்கு செய்து கொடுத்தார். ஒரு ஆள் தன் சொந்தச் சட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஹெல்வெட்டிகா என்ற எழுத்துரு 1957-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்தது, முதல் பெயர் நொய்ய ஹாஸ் குரோட்டெஸ்க், 1960-இல்தான் இந்தப் பெயர். எங்கும் பொருந்தும், எந்தச் சாயமும் இல்லாத எழுத்து என்று கொண்டாடினார்கள். சரி, அவர்களுக்குச் சாயம் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் தமிழை வைக்கும்போது என்ன ஆகிறது? தமிழையும் ஒரே தடிமனில், கம்பியை வளைத்தது போலச் செய்துவிடுகிறார்கள். அது நடுநிலை இல்லை, ஹெல்வெட்டிகாவின் சட்டையை நம் ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது.

அந்தக் காலகட்டத்தில் வந்தவற்றில் நமக்கு உண்மையில் பயன்பட்டது படக்குறிகள். வியன்னாவில் ஓட்டோ நொய்ராட் 1920-களில் புள்ளிவிவரங்களைச் சின்னச் சின்ன மனித உருவங்களாக்கிக் காட்டத் தொடங்கினார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியர்கள் விளையாட்டுகளுக்குக் குறிகள் செய்தார்கள், வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய மொழி தெரியாதே. 1972 மியூனிக்கில் ஓட்ல் ஐஷர் அதை இன்னும் கறாராக்கினார். நான்கு ஆட்சி மொழி உள்ள ஊரில் கழிப்பறைக் கதவில் ஆண், பெண் உருவம் இருப்பதன் அருமையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு என்று தனி டிசைன் வரலாறு உண்டா?

உண்டு, அதுவும் சுவாரசியமானது. சிங்கத் தலையும் மீன் வாலும் உள்ள மெர்லயனை எடுங்கள். சுற்றுப்பயணிகள் போட்டோ எடுக்கும் சிலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது முதலில் லோகோ. 1964-இல் சுற்றுப்பயணத் துறைக்காக அலெக் ஃபிரேசர்-பிரன்னர் வரைந்தார், அவர் மீன்களை ஆராய்ந்தவர், மீன் வால் எப்படி வந்தது என்று இனி கேட்கமாட்டீர்கள். லிம் நாங் செங் செய்த சிலை 1972-இல்தான் வந்தது. காகிதத்தில் பிறந்து கல்லாகிய சின்னம்.

கொடியும் அரசுச் சின்னமும் 1959 டிசம்பரில் மக்கள் முன் வந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பறவை 1972, அமெரிக்காவின் லாண்டர் நிறுவனம் செய்தது. சிங்கத் தலைச் சின்னம் 1986. தேதிகள் போதும்.

என்னைக் கேட்டால் இந்த ஊரின் உண்மையான கண்காட்சிக்கூடம் இயக்கப் போஸ்டர்கள்தான். 1968-இல் சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம் இயக்கம், 1979-இல் பண்புநலன் இயக்கம், 1982-இல் அதற்குச் சிங்கா என்ற சிங்கம். 1970-களில் "இரண்டோடு நிறுத்துங்கள்" என்று இரண்டு பெண் குழந்தைகள் சிரிக்கும் போஸ்டர், 1987-இல் வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று அதற்கு நேர் எதிர். இரண்டுக்கும் அழகான குடும்பப் படம்தான். டிசைனருக்குக் கொள்கை கிடையாது, டெட்லைன்தான் உண்டு என்று இதைக் காட்டி நான் ஜோக்கடிப்பேன், யாரும் சிரிப்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1970-களின் நீண்ட முடிப் போஸ்டர். நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை என்று எழுதி, நீண்ட முடி என்றால் எது என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள்: நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுவது, காதை மறைப்பது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்குவது. விதியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வரைபடத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. கவுண்டரில் இருப்பவர் வாக்குவாதம் செய்யவேண்டாம், சுவரைக் காட்டினால் போதும்.

ஒரு லோகோவுக்கு ஏன் இவ்வளவு காசு? நைக்கி லோகோ 35 டாலர்தானாமே?

ஆமாம், 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி செய்தார், 35 அமெரிக்க டாலர். 1983-இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளும் வைரம் பதித்த மோதிரமும் கொடுத்தது என்ற பாதியை யாரும் என்னிடம் சொல்வதில்லை. நீங்களும் 35 கொடுங்கள் அண்ணே, பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பங்கு எழுதிக் கொடுப்பதாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் வந்ததும் என்ன மாறியது?

அதற்கு முன்பு கட் அண்ட் பேஸ்ட் என்றால் நிஜமாகவே வெட்டி ஒட்டுவது. எழுத்தைத் தனியாக அச்செடுத்து, பிளேடால் வெட்டி, அட்டையில் பசை தடவி ஒட்டி, கோடுகளை மைப்பேனாவால் இழுத்து, அதைப் படமெடுத்து அச்சுத் தகடு செய்வார்கள். ஆங்கிலத் தலைப்புக்கு லெட்ராசெட் தாள், ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து ஒட்டுவது, கடைசியில் அந்தத் தாளில் எல்லா எழுத்தும் இருக்கும், வேண்டிய "E" மட்டும் தீர்ந்திருக்கும். தமிழ்த் தலைப்பைப் பெரும்பாலும் ஓவியர் கையாலேயே எழுதிவிடுவார். பழைய தமிழ்ப் பத்திரிகை, சினிமாப் போஸ்டர் தலைப்புகளில் அத்தனை உயிர் இருப்பது அதனால்தான்.

1984-இல் மெக்கின்டாஷ், அதே காலத்தில் பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழியான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1985-இல் லேசர்ரைட்டர் பிரிண்டரும் ஆல்டஸ் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும். இந்த நாலும் சேர்ந்ததும் ஒரு மேசையே அச்சகமாயிற்று. ஃபோட்டோஷாப் 1990. பிளேடும் பசையும் வைத்திருந்தவர்களில் பலருக்கு வேலை போயிற்று, இதையும் சேர்த்துத்தான் வரலாறு சொல்லவேண்டும்.

பலகைகளில், பேனர்களில் தமிழ் ஏன் உடைந்து போகிறது?

வாருங்கள், இந்தப் பக்கத்தை எழுதியதே இதற்காகத்தான்.

இந்த ஊரில் தமிழுக்கு மரியாதை இல்லை என்று சொல்லமாட்டேன். பணத்தாளில் "சிங்கப்பூர்" என்று இருக்கிறது, நாணயத்தில் இருக்கிறது. ஆனால் நான்கு மொழிப் போஸ்டர் ஒன்றைத் தயாரிக்கும் அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போவது சாதாரணம். கோப்பு தமிழ் தெரிந்தவரிடமிருந்து டிசைனருக்கும், அங்கிருந்து அச்சகத்துக்கும் போகும்போது எங்கோ எழுத்து சிதையும், யாருக்கும் தெரியாது, ஏனென்றால் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு எல்லாமே அழகான சுழிதான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அமைப்பின் பேனரில் "மருத்துவ ஆலோசனை" என்பதன் இரட்டைக்கொம்பு லகரத்தைத் தாண்டிப் போய்த் தனியே நின்றது. அதன் கீழே நின்று பத்துப் பேர் புன்னகையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் தமிழ், ஒலிக்கும் வரிசையில் இருக்கிறது: "லே" என்றால் முதலில் ல, பிறகு ஏகாரக் குறி. திரையில் அதைக் காட்டும்போது கொம்பை எடுத்து ல-வுக்கு முன்னால் வைக்கவேண்டும், "லோ" என்றால் இரண்டு பக்கமும் பிரித்து வைக்கவேண்டும். இதைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு பகுதி. உங்கள் போனும் பிரவுசரும் அதைத் தாமாகவே செய்துவிடும். ஆனால் டிசைன் மென்பொருள்கள் பலவற்றில் அதற்குத் தனி அமைப்பு உண்டு, உலக மொழிகளுக்கான, இந்திய மொழிகளுக்கான தேர்வை நாம் போய் இயக்கவேண்டும். இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம், ஒரே ஒரு கிளிக்.

இன்னொரு காரணம் பழைய எழுத்துருக்கள். எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முன்பு ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள்: ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த ஃபாண்ட். உங்கள் கணினியில் அதே ஃபாண்ட் இல்லையென்றால் திறக்கும்போது ஆங்கிலக் கிறுக்கல். 1990-களில் தமிழ் இணையமே இந்த நெருக்கடியில்தான் பிறந்தது, அதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர், 'கணியன்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழ் அவர் முயற்சியால் ஏறியது. 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. பக்கத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். ஆப்பிள் கணினியில் இணைமதி என்ற எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் அவருடையது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது, விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்த பிறகுதான் சாதாரண மேசைக்கு அது வந்து சேர்ந்தது.

நாமே இணையத்துக்கு வழி போட்ட ஊரில் பேனரில் கொம்பு பறந்தால் கோபம் வராதா? வரும். ஆனால் திட்டி எழுதுவதைவிட, கோப்பை வாங்கித் திருத்தி, தமிழ்ப் பகுதியைப் படமாகவும் கூடவே அனுப்பி, "அச்சிடும் முன் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். வேலை செய்கிறது, நான் பல ஆண்டுகளாகச் செய்கிறேன்.

நானும் உத்தமன் இல்லை. ஒரு தீபாவளி நோட்டீஸில் "ஒளி விழா" என்பதை "ஒலி விழா" என்று அடித்து, இரண்டாயிரம் பிரதி அச்சாகி, பாதி விநியோகமும் ஆனபின் ஒரு ஆசிரியை போன் செய்தார். சத்தம் அதிகமாக இருக்குமா தம்பி என்று கேட்டார்.

நான்கு மொழிப் போஸ்டரில் தமிழ் மட்டும் ஏன் நெரிசலாக இருக்கிறது?

ஆங்கில அளவில் பெட்டி வரைந்துவிட்டுத் தமிழை உள்ளே தள்ளுவதால். சீனத்தில் நாலு எழுத்தில் முடிகிற வாக்கியம் தமிழில் ஒரு வரி முழுக்க வரும், மேலே விசிறி, கீழே சுழி வேறு. அதனால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும், எழுத்தின் அளவை மட்டும் பார்த்துக் குறைக்கக்கூடாது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை விரிக்கவே கூடாது, துணைக்கால் தனியாகத் தெருவுக்கு வந்துவிடும். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை, இயந்திரம் சாய்த்துத் தருவது மழையில் நனைந்த வேலி மாதிரி இருக்கும், வலியுறுத்த வேண்டுமானால் தடிமனோ நிறமோ போதும். என் வழக்கம், நீளமான மொழியை முதலில் வைத்துப் பெட்டியைத் தீர்மானிப்பது. தமிழுக்கு இடம் சரியாக இருந்தால் மற்ற மூன்றுக்கும் தாராளமாக இருக்கும்.

எந்தத் தமிழ் ஃபாண்ட் நல்லது?

நீண்ட உரைக்கு நோட்டோ குடும்பம் இலவசம், உடையாது. தலைப்புக்கு வேறு தேடுங்கள். அழைப்பிதழ் முழுவதையும் அலங்கார எழுத்தில் போடச் சொல்லாதீர்கள், தாத்தாக்கள் முகூர்த்த நேரத்தைத் தவறவிடுவார்கள்.

ஏஐ வந்துவிட்டதே, இனி நீங்கள் எதற்கு?

படம் நன்றாகவே வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். படத்துக்குள் தமிழ் எழுதச் சொன்னால் பல நேரம் தமிழ் போல இருக்கும் ஏதோ ஒன்று வருகிறது, தூரத்தில் பார்த்தால் தமிழ், கிட்டப்போனால் யாருக்கும் தெரியாத மொழி. இதுவும் நாளைக்குச் சரியாகலாம். பிளேடு பிடித்த அங்கிள்களுக்கு 1985-இல் நடந்தது எனக்கும் நடக்கலாம். அதுவரை எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டுமே.

சிங்கப்பூரில் எங்கே படிக்கலாம், எங்கே பார்க்கலாம்?

நன்யாங் நுண்கலைக் கழகம் 1938 முதல் இருக்கிறது, லாசால் 1984 முதல், இரண்டும் சேர்ந்து 2024-இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் ஆயின. தெமாசெக் பாலிடெக்னிக்கின் டிசைன் பள்ளி 1990-இல் தொடங்கியது, அதன் வேர் பழைய பஹாருதீன் தொழிற்பயிற்சிக் கழகத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு மிடில் ரோட்டில் தேசிய டிசைன் நிலையம். 2015-இல் யுனெஸ்கோ இந்த ஊரை டிசைன் நகரம் என்று அறிவித்தது. ஆனால் காசு செலவில்லாத பாடம் வேண்டுமென்றால் ஞாயிறு மாலை டன்லப் ஸ்திரீட்டில் நடந்து ஒவ்வொரு கடைப் பலகையையும் படித்துக்கொண்டே போங்கள், எது தூரத்திலிருந்து படிக்க முடிகிறது, எது முடியவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கல்யாணக் கார்டைச் செய்து தருவீர்களா?

தருவேன் ஆன்ட்டி. மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை போனில் சொல்லாமல் யூனிகோடில் தட்டி அனுப்புங்கள், ஆங்கில எழுத்தில் வேண்டாம், "Kala" என்று வந்தால் அது கலாவா காலாவா களாவா என்று நான் யாரிடம் கேட்பேன். புரூஃப் இரண்டு முறை அனுப்புவேன், வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். மூன்றாவது திருத்தத்திலிருந்து பத்து வெள்ளி.